கைமாத்தும் காதுகொடுப்பும்: ஏலப்பாறைத் தோட்டங்களில் தோழமை

குட்டிக்கானத்தில் கோட்டயம்–குமுளி நெடுஞ்சாலையை விட்டுக் கட்டப்பனை சாலையில் திரும்பினால் ஏலப்பாறை வரும். இடுக்கி மாவட்டம், பீர்மேடு தாலுகா. அங்கிருந்து ஒரு சாலை வாகமண்ணுக்குப் பிரிகிறது. சுற்றுலா வண்டிகள் கடைத்தெருவில் ஒரு சாயாவுக்கு நின்றுவிட்டுப் போய்விடும். சாலைக்கு மேலும் கீழும் தேயிலைச் சரிவுகள், நடுநடுவே வரிசையாகத் தொழிலாளர் லயங்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த மலையில் முதலில் காப்பி போட்டார்கள். இலைநோயில் காப்பி அழிந்தபின் தேயிலை வந்தது. வேலைக்கான ஆட்களைக் கங்காணிகள் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரைப் பக்கத்திலிருந்தும் கூட்டிவந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத தலித் குடும்பத்தினர். ஊரில் சொத்து இல்லை, வந்த இடத்திலும் ஒரு சென்ட் சொந்தமில்லை. தலைமுறை தலைமுறையாக இவர்களுக்கு வாய்த்த ஒரே சேமிப்பு பக்கத்து வீடுதான்.

தோட்டத் தொழிலாளர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். கூலி, போனஸ், சங்கம், கம்பெனி, ஏலச் சந்தையில் தேயிலை விலை எல்லாம் பேசியாகிவிட்டது. முந்தின இரவு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டதைக் காலையில் தோழியிடம் சொல்வதும், அவள் மாலையில் வந்து கதவைத் தட்டி விசாரிப்பதும் எந்த அறிக்கையிலும் ஏறுவதில்லை. ஆனால் பீர்மேட்டு மலையில் ஒரு குடும்பம் அடுத்த மாதத்தைக் காணுமா காணாதா என்பதைப் பல சமயம் இந்த விசாரிப்புதான் தீர்மானித்திருக்கிறது. இந்தத் தோழமை எதையெல்லாம் தாங்கியது, எங்கே தாங்க முடியாமல் போனது, அதை நம்பிக் கம்பெனியும் அரசும் எதிலிருந்தெல்லாம் கைகழுவின என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொழுந்துக் காட்டிலிருந்து தொடங்கலாம். காலையில் மஸ்டர் என்னும் ஆள் கணக்கெடுப்பு முடிந்ததும் பெண்கள் ஆளுக்கொரு நிரை பிடிப்பார்கள். இடுப்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் படுதா, தலையில் துண்டு, அட்டைக்குப் பயந்து காலில் சுற்றிய துணி. கை கொழுந்து கிள்ளிக்கொண்டே இருக்கும். கண் செடியிலிருந்து எடுபடாது. வாய்க்கும் காதுக்கும் மட்டும்தான் விடுதலை. பக்கத்து நிரையில் யார் நிற்கிறார்கள் என்பது அதனால் முக்கியமாகிறது. மதினியோ அக்காவோ, வயதொத்தவளானால் 'ஏ புள்ள' என்று கூப்பிடும் உரிமையுள்ளவளோ அங்கே நின்றால், மகள் ஹாஸ்டலில் சாப்பிடாதது முதல் வீட்டுக்காரர் கடையில் வைத்த பாக்கி வரை அன்றைய பாரம் மத்தியானத்துக்குள் இறங்கிவிடும். முகம் பார்க்காமல் பேசுவதில் ஒரு வசதி உண்டு. எதிரே உட்காரவைத்துக் கேட்டால் வெளியே வராத சங்கதி, இருவரும் செடியைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது வந்துவிடுகிறது. எடை போடும் இடத்துக்கு வரும்போது ஒருத்திக்குக் கொழுந்து குறைவாக இருந்தால் காரணம் பக்கத்து நிரைக்காரிக்கு முன்பே தெரிந்திருக்கும். மறுநாள் இவள் சற்று வேகமாகக் கிள்ளி, முடித்த கையோடு அவள் நிரையிலும் கை போடுவாள்.

லயத்துக்கு வந்தால் இடைவெளி இன்னும் சுருங்குகிறது. ஒரு நீளக் கட்டடம், ஒரே கூரை, குடும்பத்துக்கு ஓர் அறையும் ஓர் அடுப்படியும். அடுத்த வீட்டின் இருமலும் சண்டையும் சுவரைத் தாண்டி வரும். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவமனை, குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றைக் கம்பெனியின் கடமையாக்கியது. ஆனால் வீட்டைக் கட்டி நூறாண்டு ஆனாலும் ஓடு மாற்றாத தோட்டங்கள் உண்டு. மருத்துவமனை பெயரளவில் நிற்க, நாள்பட்ட நோய்க்குக் கோட்டயம் மருத்துவக் கல்லூரிக்கோ எல்லை தாண்டித் தேனிக்கோ போக வேண்டிய நிலை. போகிறவளோடு துணைக்கு ஒரு ஆள் வேண்டும், வீட்டில் பிள்ளைகளுக்குச் சோறு போட ஒரு ஆள் வேண்டும், பஸ்ஸுக்கும் மருந்துக்கும் கைமாத்து வேண்டும். மூன்றும் பெரும்பாலும் அதே லயத்திலிருந்து வரும். சீட்டுப் பிடிப்பதும், வீட்டுக்கு இவ்வளவு என்று எடுத்துச் சாவுச் செலவைப் பார்ப்பதும் இங்கே பழைய வழக்கம். துட்டி விழுந்த வீட்டில் அடுப்பெரியாது. காரியம் முடியும்வரை கட்டஞ்சாயாவும் கஞ்சியும் பக்கத்து அடுப்புகளிலிருந்து போகும். கொடுத்ததைக் குறித்துவைக்கும் நோட்டு எதுவும் கிடையாது. ஆனாலும் யாரும் மறப்பதில்லை.

திருக்குறளில் நட்பைச் சுற்றி மட்டும் 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்கள் இருக்கின்றன. நல்ல நட்புக்குக் கொடுத்த அளவு இடத்தைத் தீய நட்பை எச்சரிக்கவும் வள்ளுவர் கொடுத்திருக்கிறார். நாம் மேடையில் எடுத்துக்காட்டும் நட்பு வேறு மாதிரி: கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும், பாரியும் கபிலரும். அரசனும் புலவனும் உயிரைக் கொடுத்த கதைகள் அவை. எனக்கென்னவோ, தினசரி அரைப்படி அரிசி கொடுத்து வாங்குகிறவர்களின் நட்பு அதற்குக் குறைந்ததாகத் தோன்றவில்லை. சாவைப் பகிர்ந்துகொள்வது ஒரு நாள் காரியம். வாழ்வைப் பகிர்ந்துகொள்வதற்கு நாற்பது வருஷம் பொறுமை வேண்டும்.

இந்தப் பழக்கத்தின் பலனை உலகம் இப்போது அளந்து பார்க்கத் தொடங்கியிருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டட் குழுவினர் 2010-இல் 148 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் இடம்பெற்றவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். நெருக்கமான உறவும் நட்பும் உள்ளவர்கள் ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருப்பதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் கூடுதல் என்று தெரியவந்தது. ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006-இல் தொடங்கிய 'நட்பு பெஞ்ச்' இதைவிட எனக்குப் பிடித்தமானது. நாட்டில் மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்தார்கள். அவர் அந்தந்தப் பகுதியின் பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலைய வாசலில் மர பெஞ்சு போட்டு உட்காரவைத்தார். வருகிறவர் பேச வேண்டும், பாட்டி கேட்க வேண்டும், பிரச்சினையில் ஒன்றை எடுத்து இருவரும் சேர்ந்து வழி தேட வேண்டும். மனச்சோர்வு கண்கூடாகக் குறைந்ததை 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. லயத்து வாசற்படியில் உட்கார்ந்து கேட்கிற மூத்தவளை ஒரு சுகாதாரத் துறை மதித்துக் கூலியும் பயிற்சியும் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

கேரளத்திலும் முன்னுதாரணங்கள் உண்டு. கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலிநிவாரண இயக்கம், அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்கள் நோயாளி வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் வலையாக வளர்ந்து, 2008-இல் மாநிலக் கொள்கையாகவே ஆனது. 1998 மே 17 அன்று மலப்புறத்தில் தொடங்கிவைக்கப்பட்ட குடும்பஸ்ரீ, பத்து முதல் இருபது பெண்கள் வாரம் ஒருமுறை கூடும் அயல்கூட்டத்தை அடிப்படையாகக் கொண்டது. ஏலப்பாறைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்களுக்கு அயல்கூட்டம் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. ஏற்கெனவே செய்துவந்ததற்கு ஒரு பாஸ்புக்கும் வங்கிக் கடனும் சேர்ந்தன. அது சின்ன விஷயமில்லை. கைமாத்து கேட்கும்போது குனிகிற தலை, அயல்கூட்டக் கடன் கேட்கும்போது குனிவதில்லை.

இந்தத் தோழமைக்கு எல்லை உண்டு, அதைச் சொல்லாமல் புகழ்வது அநியாயம். பொருளியலாளர் ராபர்ட் டவுன்செண்ட் 1994-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று, அன்றைய ஆந்திரத்தின் ஆரேபள்ளி, மகாராஷ்டிரத்தின் ஷிராப்பூர், கன்சாரா ஆகிய மூன்று கிராமங்களின் கணக்கை ஆராய்ந்தது. ஒரு குடும்பத்துக்கு மட்டும் நோயோ வேலையிழப்போ வந்தால் அதன் சாப்பாட்டுச் செலவு பெரிதாகக் குறைவதில்லை. ஊர் எப்படியோ தாங்கிக்கொள்கிறது. ஊர் மொத்தத்துக்கும் வறட்சி வந்தால் எல்லோரும் சேர்ந்து இறங்குகிறார்கள். ஒரு கிராமத்தில் நிலமில்லாதவர்களுக்கு அந்தத் தாங்கல் குறைவாகவே கிடைத்ததையும் அவர் கண்டார். தோட்டத்தில் எல்லோருமே நிலமில்லாதவர்கள். எல்லோருக்கும் ஒரே முதலாளி, ஒரே சம்பள நாள். ஒருவனுக்கு அடி விழும்போது மற்றவன் நிற்பான். எல்லோருக்கும் ஒரே நாளில் அடி விழுந்தால் யார் யாரிடம் கைமாத்து கேட்பது?

பீர்மேட்டில் அந்த அடி 2000-ஐ ஒட்டி விழுந்தது. தேயிலை விலை 1990-களின் இறுதியில் சரிந்தது. பீர்மேடு டீ கம்பெனி நிர்வாகம் 2000-இல் லோன்ட்ரீ, சீந்தலாறு தோட்டங்களைக் கைவிட்டுப் போனது. சுற்றுவட்டாரத்தில் வேறு தோட்டங்களும் மூடின. சம்பளம் நின்றது, பி.எஃப். கட்டப்படவில்லை, ஓய்வுபெற்றவர்களுக்குக் கிராஜுவிட்டி வரவில்லை. தொழிலாளர்கள் செடிகளைத் தங்களுக்குள் பங்கு பிரித்துக்கொண்டு, பச்சைக் கொழுந்து கிள்ளி விற்று வயிற்றைக் கழுவினார்கள். ஆளில்லாத வீட்டின் பங்கை யார் பார்ப்பது, பிரசவித்தவளின் பங்கை யார் கிள்ளிக் கொடுப்பது என்பதெல்லாம் பேசித்தான் தீர்க்கப்பட வேண்டியிருந்தது. அதற்கு அந்தப் பழைய நிரைப் பழக்கம் உதவியது. ஆனால் பங்கு பிரித்ததால் பட்டினி நிற்கவில்லை, சமமாகியது. கவனிப்பாரற்ற தோட்டங்களில் தொழிலாளர்கள் எப்படியோ சமாளிக்கிறார்கள் என்ற பேச்சை அந்த ஆண்டுகளில் பலர் சௌகரியமாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். சமாளித்தது உண்மை. அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

இந்த வீழ்ச்சியை உள்ளிருந்து எழுதியவர் மானிடவியலாளர் ஜெயசீலன் ராஜ். தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். பீர்மேட்டுத் தேயிலை வட்டாரத்தைப் பற்றிய அவருடைய 'பிளான்டேஷன் கிரைசிஸ்' 2022-இல் வந்தது. நெருக்கடிக் காலத்தில் தொழிலாளர்களிடையே ஓடிய வதந்தியையும் ஊர்ப்பேச்சையும் தனியாக எடுத்து ஒரு கட்டுரையும் எழுதியிருக்கிறார். லயத்துப் பேச்சை ஆய்வுக்குரிய பொருளாக மதித்ததற்காகவே அவரைப் பாராட்ட வேண்டும். வேலை தேடித் திருப்பூருக்கும் கோவைக்கும் சென்னைக்கும் போனவர்கள் அங்கே சாதியை மறைத்து வாழ நேர்ந்ததையும், ஓய்வுபெற்றுத் தமிழ்நாட்டுப் பூர்வீக ஊருக்குத் திரும்பியவர்களை அந்த ஊர் அந்நியராகவே பார்த்ததையும் அவர் பதிவுசெய்கிறார். அங்கே அவர்களுக்கு உறவு இருந்தது. ஆனால் நிரையில் பக்கத்தில் நின்றவள் இல்லை.

போனவர்களுக்கு வழிகாட்டியதும் நட்புதான். பனியன் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று முதலில் போனவன் சொல்லியனுப்ப, அடுத்தவன் அவன் அறையில் போய்த் தங்கி, மூன்றாமவனைக் கூப்பிட்டுக்கொண்டான். வேலைச் செய்தி நெருங்கிய நண்பரைவிட அறிமுகமானவர் வழியாகவே அதிகம் வருகிறது என்று சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் எழுதியது பிரபலம். தோட்டத்தில் அது பாதிதான் பொருந்தும். தகவல் யார் மூலமும் வரலாம். முதல் சம்பளம் வரும்வரை சோறு போடுகிறவன் நெருங்கியவனாகத்தான் இருக்க வேண்டும்.

பீர்மேட்டில் தோழமை தாங்கலாக இருந்தது என்றால், மூணாறில் 2015-இல் அது போராட்டமாகவே எழுந்தது. போனஸை 10 சதவீதமாகக் குறைத்ததை எதிர்த்துச் செப்டம்பர் முதல் வாரத்தில் ஆயிரக்கணக்கான தோட்டப் பெண்கள் மூணாறு வீதியில் உட்கார்ந்தார்கள். எந்தச் சங்கமும் அவர்களைக் கூட்டவில்லை. சங்கத் தலைவர்களை அவர்கள் பக்கத்தில் விடவும் இல்லை. பெம்பிளை ஒருமை என்று பெயர் வந்தது. லிசி சண்ணி, கோமதி அகஸ்டின் போன்றவர்களை வெளியுலகம் தெரிந்துகொண்டது. அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் வி.எஸ். அச்சுதானந்தன் வந்து அவர்களோடு உட்கார்ந்தார். செப்டம்பர் 13-இல் போனஸும் கருணைத் தொகையுமாக 20 சதவீதத்துக்கு உடன்பாடு ஏற்பட்டது. 500 ரூபாய் தினக்கூலிக் கோரிக்கை அடுத்த மாதம் 301-இல் முடிந்தது. நோட்டீஸ் இல்லை, உறுப்பினர் சீட்டு இல்லை, அலுவலகம் இல்லை. இத்தனை பேர் எப்படிக் கூடினார்கள் என்று பத்திரிகைகள் வியந்தன. கொழுந்துக் காட்டையும் தண்ணீர்க் குழாயையும் தெரிந்தவர்களுக்கு அதில் வியப்பில்லை. வருஷக்கணக்காக ஒருவர் வீட்டுக் கடனை ஒருவர் அறிந்தவர்கள் அவர்கள். யார் கையில் எவ்வளவு குறையும், அதனால் எந்த வீட்டுப் பிள்ளையின் படிப்பு நிற்கும் என்று சுற்றறிக்கை போட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பின்னால் அந்த இயக்கத் தலைவிகளுக்குள் பிளவு வந்தது, அரசியல் கட்சிகளின் இழுப்பும் சேர்ந்துகொண்டது. பக்கத்து நிரையின் நம்பிக்கை தெருவில் ஒன்பது நாள் நின்றது. அதை ஓர் அமைப்பாக நிலைநிறுத்துவது வேறு திறமை. அதற்கு அவர்களுக்கு யாரும் கைகொடுக்கவில்லை.

2020 ஆகஸ்ட் 6 இரவு, அதே மூணாறு மலையில் ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. இறந்தவர்களும் கடைசிவரை கிடைக்காதவர்களுமாக 70 பேர். பலரின் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று ஒரே வரிசையில் இருந்தவர்கள். மின்சாரம் இல்லை, செல்போன் தொடர்பு இல்லை. விடிந்த பிறகே வெளியுலகுக்குச் செய்தி எட்டியது. பெரியவாரைப் பாலமும் சேதமாகியிருந்ததால் மீட்புப் படை போய்ச் சேர மேலும் தாமதம். அதுவரை சேற்றில் தேடியவர்கள் பிழைத்தவர்களும் சுற்றியிருந்த தொழிலாளர்களும்தான். அக்கறைக்கு அங்கே குறைவில்லை. அதைச் சொல்லியனுப்பக் கம்பியில்லை. அடுத்த ஆண்டு ஊரடங்கில் ராஜமலைப் பிள்ளைகள் சிக்னல் கிடைக்கும் சாலையோரம் வரை நடந்துபோய்ப் பாடம் கேட்டதும் இதன் தொடர்ச்சி. நாட்டின் மற்ற பாகங்களில் நண்பர்கள் படம் போட்டுச் சாப்பாட்டைக் காட்டிக்கொண்டிருந்த காலத்தில், இங்கே உயிரோடு இருக்கிறோம் என்று சொல்லவே வழியில்லை.

நெருக்கத்துக்கு மறுபக்கமும் இருக்கிறது. சுவர் மெல்லியதாக இருந்தால் ஆறுதலோடு அவதூறும் தாண்டும். கணவன் அடிப்பதை லயம் முழுக்க அறிந்தும் குடும்ப விஷயம் என்று ஒதுங்கிக்கொள்வது உண்டு. தனியாக வாழும் பெண்ணையும் காதலித்த பெண்ணையும் ஊர்ப்பேச்சு வாட்டியிருக்கிறது. ஒரே கூரையின் கீழும் உட்சாதி பார்த்துத் தண்ணீர் வாங்காத வீடுகள் இருந்திருக்கின்றன. ஆண்களின் நிலை எனக்குக் கூடுதல் கவலை தருகிறது. சாயாக்கடை, சங்க ஆபீஸ், கோயில் கமிட்டி என்று அவர்களுக்குக் கூடுமிடம் அதிகம். அங்கே அரசியல் பேசலாம், பந்தாட்டம் பேசலாம். மனம் உடைந்திருப்பதைப் பேச முடியாது. பேசுவதற்குக் குடி வேண்டியிருக்கிறது, குடித்தபின் பேசியதை மறுநாள் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

2011 டிசம்பரில் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையிலான முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினை வெடித்தபோது இந்தத் தோழமை வேறு விதமாகச் சோதிக்கப்பட்டது. குமுளி எல்லையில் இருபக்கமும் வன்முறை. இடுக்கி ஏலத்தோட்டங்களில் வேலை செய்த தமிழர்கள் மலைப் பாதைகளில் இறங்கித் தேனி மாவட்டத்துக்கு ஓடினார்கள். கம்பம் பக்கத்தில் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. வருஷக்கணக்கில் சேச்சி என்றும் அக்கா என்றும் கூப்பிட்டுக்கொண்டவர்களுக்கு அந்த வாரங்களில் மொழி குறுக்கே வந்தது. வெறுப்பு மேலிருந்தும் வெளியிலிருந்தும் இறங்கியது என்றுதான் நினைக்கிறேன். தினமும் ஒரே பஸ்ஸில் ஏறி, ஒரே ரேஷன் கடையில் நிற்கிறவர்கள் தாங்களாக அதைக் கிளப்ப வாய்ப்பு குறைவு.

இப்போது வேறொரு மாற்றம் ஓசையோடு வந்திருக்கிறது. கையால் கிள்ளிய இடத்தில் கத்தரி வந்தது, இப்போது பல சரிவுகளில் மோட்டார் வைத்த அறுவடை இயந்திரம். கத்தரி போடும்போது பாதிப் பேச்சு போனது. இயந்திரம் ஓடும்போது மீதியும் போய்விடுகிறது. கொழுந்து கூடுகிறது, ஆள் குறைகிறது, காதில் இரைச்சல் மிஞ்சுகிறது. உள்ளூர் இளைஞர்கள் மலையிறங்கிவிட, அவர்கள் இடத்துக்கு ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வேலைக்கு வருகிறார்கள். பக்கத்து நிரைக்காரியின் மொழி இப்போது இந்தி. பழைய சினேகிதம் வாட்ஸ்அப்புக்கு மாறியிருக்கிறது: திருப்பூரில் இருக்கும் மகளும் லயத்தில் இருக்கும் தாயும் சிறுவயதுத் தோழிகளும் ஒரே குழுவில் குரல் பதிவு அனுப்பிக்கொள்கிறார்கள். எழுதத் தடுமாறுகிற தாய்க்குக் குரல் பதிவு பெரிய வரம். காதுகொடுப்பதை அது காப்பாற்றியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குத் துணை போவதை அதனால் செய்ய முடியாது.

அதனால்தான் வீட்டுப் பிரச்சினையை நட்புப் பிரச்சினையாகவும் பார்க்கச் சொல்கிறேன். 58 வயதில் ஓய்வுபெற்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. மூடிய தோட்டங்களில் கிராஜுவிட்டி வராததால் இடியும் லயத்திலேயே பலர் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். பெட்டிமுடிக் குடும்பங்களுக்கு மூணாறில் குட்டியாறு பள்ளத்தாக்கில் எட்டு வீடுகள் அடுத்தடுத்துக் கட்டித்தரப்பட்டன. 2024 ஜூலை 30 நிலச்சரிவுக்குப் பின் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைக் குடும்பங்கள் வாடகை வீடுகளில் மாவட்டம் முழுக்கச் சிதறின. ஒன்றாகவே குடியமர்த்துங்கள் என்பது அவர்கள் விடாமல் எழுப்பிய கோரிக்கை. கல்பற்றாவில் எல்ஸ்டன் தோட்டத்தில் ஒரே நகரியமாகக் கட்ட முடிவானதில் அந்தக் கோரிக்கைக்கும் பங்குண்டு.

ஏலப்பாறை, வண்டிப்பெரியாறு, உப்புதறைப் பக்கத்து ஓய்வுபெற்ற தொழிலாளர்களுக்கு மனையும் வீடும் ஒதுக்கும் பட்டியல் எப்போது போடப்பட்டாலும், விண்ணப்பத்தில் ரேஷன் அட்டை எண்ணுக்கும் வருமானச் சான்றுக்கும் கீழே இன்னொரு கட்டம் சேர்க்க வேண்டும்: யாருக்குப் பக்கத்தில் இருக்க விரும்புகிறீர்கள்? குலுக்கல் போட்டு மனை கொடுப்பது நேர்மையாகத் தெரியலாம். நாற்பது வருஷம் ஒரே சுவரைப் பகிர்ந்த இரண்டு கிழவிகளை அது பத்து கிலோமீட்டர் தள்ளிவைத்துவிடும். அந்த வயதில் மாத்திரை எடுத்துக்கொடுக்க, இரவில் நெஞ்சுவலி என்றால் ஆட்டோ பிடிக்கப் புதிதாக ஒரு பக்கத்து வீட்டுக்காரியைச் சம்பாதிக்க அவர்களுக்கு நேரமில்லை. சேர்ந்து விண்ணப்பிக்கிறவர்களுக்குச் சேர்ந்தாற்போல் மனை என்ற ஒரு வரியை ஒதுக்கீட்டு உத்தரவில் எழுத அரசுக்குத் தனிச் செலவு எதுவும் ஆகாது.